கண்காட்சிக்குக் கன்றும் மாடும் கொண்டுபோகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர்ப் பக்கத்துக் கிராமங்களில் கால்நடை முகாம் நடக்கும்போது, நன்றாக வளர்த்த கிடாரிக் கன்றுகளுக்குப் பரிசும் கொடுப்பதுண்டு. அங்கே கன்றைப் பிடித்துவருகிற பலரும் செய்கிற பெரிய தவறு, ஆண்டு முழுவதும் செய்திருக்க வேண்டியதைக் கடைசி வாரத்தில் செய்து முடிக்கப் பார்ப்பதுதான். பிறந்த ஓரிரு மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்காத, குடற்புழு நீக்க மருந்தை வேளாவேளைக்குக் காணாத கன்றின் மங்கிய மயிரை எந்த எண்ணெயும் மறைக்காது.

இவற்றுள் உயிருக்கே கேடாவது தீவனத்தில் செய்யும் தவறு. வயிறு நிறைந்து தெரிய வேண்டுமென்று முதல்நாள் இரவு சோறும் கஞ்சியும் அரிசிமாவும் அண்டா நிறைய வைத்துவிடுகிறார்கள். வைக்கோலுக்கும் கடலைக்கொடிக்கும் பழகிய மாட்டின் வயிற்றில் இவ்வளவு மாவுச்சத்து ஒரே நேரத்தில் இறங்கினால், அங்குள்ள நுண்ணுயிர்கள் அதை லாக்டிக் அமிலமாக மாற்றிவிடும். அசைபோடுவது நின்று, இடப்பக்க வயிறு உப்பி, சாணம் புளித்த வாடையோடு தண்ணீராகக் கழிந்து, மாடு தள்ளாடிப் படுத்துவிடும். மாட்டுப் பொங்கலன்று பாசத்தோடு அள்ளி வைக்கிற பொங்கலும் அளவு மீறினால் இதையேதான் செய்கிறது. தீவனத்தை மாற்றியே தீரவேண்டுமென்றால், பத்து நாட்களுக்குக் குறையாமல் சிறிது சிறிதாக மாற்ற வேண்டும்.

கறவை மாட்டின் மடி பெரிதாகத் தெரிவதற்காகக் காலையில் கறக்காமல் கொண்டுவருவது கொடுமை. மடி விண்ணென்று தெறிக்க, காம்பிலிருந்து பால் தானாகச் சொட்டிக்கொண்டு நிற்கிற மாட்டைப் பார்த்தாலே நடுவருக்கு விஷயம் விளங்கிவிடும். மடிநோய்க்கும் அதுவே வழி.

வயதைக் குறைத்துச் சொல்வதிலும் பயனில்லை. கீழுதட்டை விலக்கியதும், சிறிய பால்பற்களுக்கு நடுவே அகலமான இரண்டு பற்கள் தெரிந்தால், கிடாரி இரண்டு வயதை ஒட்டியோ கடந்தோ நிற்கிறது என்பது தெரிந்துபோகும். அதைப்போலவே, கலப்பினத்தைப் புலிக்குளம் என்று சொல்லி நாட்டுமாட்டு வரிசையில் நிறுத்தக்கூடாது. நம் சிவகங்கைச் சீமைக்கே உரிய ஓர் இனத்தின் பெயரை அப்படிக் கெடுப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

கூட்டத்தையும் ஒலிபெருக்கியையும் அறியாத கன்றை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கயிற்றில் நடத்தினால் அது மிரண்டு இழுக்கும், நடையழகு தெரியாது. ஒரு மாதத்துக்கு முன்பிருந்தே தினமும் சிறிது தூரம் ஒருவரே பிடித்து நடத்திப் பழக்க வேண்டும். கொம்புக்கு எனாமல் பெயின்ட் அடிக்க வேண்டாம். கழுவித் துடைத்துச் சிறிது எண்ணெய் தடவினால் போதும்.

கோமாரித் தடுப்பூசியை முந்தின நாள் போட்டுக்கொண்டு வருவதில் பாதுகாப்பு ஏதுமில்லை. எதிர்ப்புச் சக்தி உருவாக இரண்டு மூன்று வாரமாவது ஆகும் என்பதால், குறைந்தது 21 நாட்களுக்கு முன்பே போட்டுவிட வேண்டும். லாரியில் ஏற்றும்போது 1978ஆம் ஆண்டு விதிகள் ஒரு வண்டிக்கு ஆறு மாடுகளுக்கு மேல் கூடாதென்று வரம்பு வைத்ததை மறந்து நெருக்கியடித்து ஏற்றுவதும், நிறைசினை மாட்டை ஏற்றுவதும் தவறு.

கண்காட்சி முடிந்து திரும்பிய மாட்டை நேரே தொழுவத்தில் மற்ற மாடுகளோடு கட்டிவிடுவதைப் பெரும்பாலோர் தவறென்றே நினைப்பதில்லை. இரண்டு வாரமாவது தனியிடத்தில் கட்டி, தண்ணீர்த் தொட்டியையும் தனியாக வைத்து, காய்ச்சல், வாயில் நுரை, நொண்டல் ஆகியவை தெரிகின்றனவா என்று தினமும் பார்த்த பிறகே மந்தையில் சேர்க்க வேண்டும்.