பூச்சியே இல்லாத செடிக்கு மருந்து எதற்கு?

போன ஞாயிறு, பெங்களூரு அல்சூரில் எங்கள் தெருவில் புதிதாக மாடித் தோட்டம் போட்ட தம்பி ஒருவர் தெளிப்பானும் கையுமாக நின்றார். செடியில் ஒரு பூச்சி இல்லை. "முன்னெச்சரிக்கைக்குத்தான் அண்ணா" என்றார். 10 வருடம் முன்பு நானும் இதையேதான் சொன்னேன். தண்ணீர், வெயில் பற்றியெல்லாம் யாரும் சொல்லிவிடுவார்கள், அதை விடுகிறேன். பூச்சி விஷயத்தில் செய்யும் தப்புகளை மட்டும் சொல்கிறேன்.

கிழமை பார்த்து மருந்தடிப்பது

எனக்குச் சனிக்கிழமை மருந்து நாள். கடைக்காரர் கொடுத்த சைபர்மெத்ரினைக் கத்தரி, அவரை, தக்காளி என்று பாகுபாடில்லாமல் அடிப்பேன். முதல் மாதம் எல்லாம் பளபளவென்று இருந்தது. மார்ச் வெயில் ஏறியதும் கத்தரி இலைகள் வெளிறிப் புள்ளி விழுந்தன. அடியில் மெல்லிய வலை. செஞ்சிலந்திப் பேன். அளவைக் கூட்டி அடித்தேன், பேனும் கூடியது. கடைசியில் 18 தொட்டிக் கத்தரியையும் பிடுங்கிப் போட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் எரிகிறது.

அந்த மருந்து செஞ்சிலந்திப் பேனை அவ்வளவாக அசைப்பதில்லை. அதைத் தின்கிற வேறு பேன்களைத்தான் துடைத்துவிடுகிறது. செடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினி விஷயமும் கிட்டத்தட்ட இதுதான். அது ஜோடி சேராமலே குட்டி போடும். குட்டி ஒரு வாரம், பத்து நாளில் தாயாகிவிடும். அதைத் தின்கிற பொறிவண்டு முட்டையிலிருந்து வண்டாக 3, 4 வாரம் வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கொன்றால் முதலில் எழுந்து வருவது எது?

வேப்பெண்ணெய்தானே என்று வாராவாரம் அடிப்பவர்களும் உண்டு. பொறிவண்டுப் புழுவின் மேல் பட்டால் அதற்கும் கேடுதான். இலையைத் திருப்பிப் பாருங்கள். அசுவினி இருந்தால் முதலில் தண்ணீரைப் பீய்ச்சுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் அந்த ஒரு செடிக்கு மட்டும் வேப்பெண்ணெய், சாயங்காலம்.

வெள்ளையெல்லாம் மாவுப்பூச்சி என்று நசுக்குவது

கிரிப்டோலீமஸ் என்ற பொறிவண்டின் புழுவும் உடம்பெல்லாம் வெள்ளைப் பஞ்சோடுதான் இருக்கும். கொஞ்சம் பெரிது, விறுவிறுவென்று நகரும். மாவுப்பூச்சிதான் அதன் சாப்பாடு. நான் எத்தனையை நசுக்கியிருப்பேனோ!

2008இல் கோவைப் பக்கம் தலைகாட்டி, பப்பாளி, மல்பெரி தோட்டங்களைச் சூறையாடிய மாவுப்பூச்சி ஞாபகம் இருக்கிறதா? மருந்துக்கு அது மசியவில்லை. 2010இல் நம்ம ஹெப்பாளில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவித்த பொடிக் குளவிதான் அதை அடக்கியது.

பூத்திருக்கும்போது அடிப்பது

தேனீ வரும். கூடாது.

இரண்டு மருந்தைக் கலப்பது

வேண்டவே வேண்டாம்.

தம்பியின் அவரையில் நேற்று அசுவினி ஏறியிருக்கிறது, பதறிப்போய்ப் போட்டோ அனுப்பினார். பெரிதாக்கிப் பார்த்தால் இலை ஓரத்தில் பொறிவண்டின் மஞ்சள் முட்டைகள், கொத்தாக. தண்ணீர்கூடப் பீய்ச்ச வேண்டாம், நாலைந்து நாள் பொறுங்கள் என்றிருக்கிறேன்.