அடுத்த புத்தகத்தைத் தேடும்போது எங்கே தவறுகிறோம்?

"ஏதாவது நல்ல புத்தகம் இருந்தால் சொல்லுங்களேன்." நிறையப் படிக்கிறவர்களிடம் மற்றவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கேட்பவருக்கு உண்மையிலேயே படிக்கும் ஆசை இருக்கிறது. ஆனால் கிடைக்கிற பதில், பெரும்பாலும் சொல்பவருக்குப் பிடித்த புத்தகமாகத்தான் இருக்கும். அதை எடுத்து முப்பது பக்கம் படித்து, மனம் ஒட்டாமல் மூடி வைத்துவிட்டு, "எனக்குப் படிக்கிற பழக்கம் வராது போல" என்று முடிவுகட்டிவிடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். அவர்களிடம் ஒரு குறையும் இல்லை. கேட்ட கேள்வி மிகப் பெரியது, அவ்வளவுதான்.

கேள்வியைச் சின்னதாக்கிப் பாருங்கள். "வரலாறு படிக்க வேண்டும்" என்றால் எங்கே தொடங்குவது என்று யாருக்கும் தெரியாது. "திசைகாட்டி வருவதற்கு முன்பு மாலுமிகள் கரை தெரியாத கடலில் எப்படி வழி கண்டுபிடித்தார்கள்?" என்றால் உடனே தேட ஆரம்பித்துவிடலாம். கதைகளுக்கும் இது பொருந்தும். "நல்ல நாவல்" என்று கேட்பதைவிட, "வயதான ஒருவர் தன் கடந்த காலத்தைத் திரும்பிப் பார்க்கிற கதை, 200 பக்கத்துக்குள்" என்று கேட்டால், நண்பரோ நூலகரோ கொஞ்சம் யோசித்துச் சரியான ஒன்றை எடுத்துக் கொடுப்பார். நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்பது. மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். இந்த மூன்றாவது விதி எனக்கு மிகவும் பிடிக்கும். வாசகர் தாமாகவே அடுக்குகளுக்கு நடுவே நடந்து, எடுத்துப் பார்க்க வழி இருக்க வேண்டும் என்று ரங்கநாதன் வாதாடியதும் இந்த விதியை வைத்துத்தான்.

ஒரே அடுக்கில் நின்றுவிடுவது

அடுக்குகளுக்கு நடுவே நடக்கிறவர்களும் ஒரு தவறு செய்கிறார்கள். தங்களுக்குத் தேவையானது எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும் என்று நம்பிவிடுகிறார்கள்.

உலகின் பல நூலகங்கள் பின்பற்றுவது மெல்வில் டூயி 1876-இல் வெளியிட்ட தசமப் பகுப்பு முறை. அறிவு முழுவதையும் 000 முதல் 999 வரை எண்களாகப் பிரிக்கும் முறை இது. அதில் பகுப்பு நடப்பது துறை வாரியாக. பேசப்படும் பொருள் ஒன்றாகவே இருந்தாலும், எந்தத் துறையின் கண்ணால் அதைப் பார்க்கிறார்களோ அந்தத் துறையின் எண்ணுக்குப் புத்தகம் போய்விடும். கடலையே எடுத்துக்கொள்வோம். கடல் நீரோட்டம், அலை, ஆழம் பற்றிய நூல்கள் 551.46-இல் இருக்கும். கப்பல் போக்குவரத்து 387. மீன்பிடித் தொழில் 639.2. கடற்பயண அனுபவங்களும் கடற்கொள்ளையர் கதைகளும் 910.45. கடலை ஓவியமாகத் தீட்டியவர்கள் 700-களில். 551.46 முன்னால் நின்று பார்த்துவிட்டு, "கடல் பற்றி இங்கே நாலு புத்தகம்தான் இருக்கிறது" என்று திரும்பிவிட்டால் எவ்வளவு இழப்பு!

நாவல்களின் கதை வேறு. பொது நூலகங்கள் பலவற்றில் புனைகதைக்குப் பொருள் எண்ணே கிடையாது, ஆசிரியர் பெயர் வரிசையில் அடுக்கிவிடுவார்கள். அதனால் கலங்கரை விளக்கத்தில் நடக்கும் நாவல் ஒன்றை அடுக்கைப் பார்த்து மட்டும் கண்டுபிடிக்க வழியில்லை. நூலகப் பட்டியலில் தேட வேண்டும், இல்லாவிட்டால் படித்தவர்களைக் கேட்க வேண்டும்.

பட்டியலில் தேடும்போது எளிய வழி ஒன்று உண்டு. உங்களுக்குப் பிடித்த ஒரு புத்தகத்தை, அதன் தலைப்பை வைத்து முதலில் கண்டுபிடியுங்கள். அதன் பதிவைத் திறந்தால் கீழே பொருள் தலைப்புகள் இருக்கும். ஒரு நூலுக்கு இரண்டு மூன்று கூட இருக்கலாம். அவற்றில் ஒன்றை அழுத்தினால், அதே பொருள் தலைப்பு கொடுக்கப்பட்ட மற்ற நூல்களும், வேறு வேறு எண்களில் சிதறிக் கிடப்பவை உட்பட, ஒன்றாக வந்து நிற்கும். உலகம் முழுவதிலுமுள்ள ஆயிரக்கணக்கான நூலகங்களின் பட்டியல்களை ஒன்றாகத் தேட வேர்ல்ட்கேட் என்ற இணையதளம் இருக்கிறது. அப்புறம் ஒன்று: நூல்களின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்-ஐ வைத்து மட்டும் தேடாதீர்கள். கெட்டி அட்டைக்கு ஓர் எண், மென்னட்டைக்கு ஓர் எண், மின்னூலுக்கு இன்னொன்று என்று ஒரே நூலுக்குப் பல எண்கள் இருக்கும். இந்த எண் முறை பரவுவதற்கு முன் வந்த பழைய பதிப்புகளுக்கு எண்ணே இருக்காது. தலைப்பும் ஆசிரியர் பெயரும் போட்டுத் தேடுவதுதான் பாதுகாப்பு.

திரை நீட்டுவதை மட்டும் வாங்கிக்கொள்வது

"இதை வாங்கியவர்கள் இவற்றையும் வாங்கினார்கள்" என்று இணையக் கடைகள் காட்டும் வரிசைக்குப் பின்னால் இருக்கும் அடிப்படைக் கணக்கு எளிமையானது. எந்தெந்தப் பொருட்கள் ஒரே ஆட்களால் வாங்கப்பட்டிருக்கின்றன என்று ஒப்பிடுகிறார்கள். அமேசான் பொறியாளர்கள் 2003-இல் எழுதிய ஒரு கட்டுரையில் இந்த முறையை விளக்கியிருக்கிறார்கள். புத்தகத்துக்குள் என்ன எழுதியிருக்கிறது என்பது அந்தக் கணக்கில் வரவே இல்லை. யார் வாங்கினார்கள் என்பதுதான் அதற்குத் தெரியும். ஆகவே, துப்பறியும் நாவல் ஒன்றை வாங்கினால் இன்னும் பத்துத் துப்பறியும் நாவல் வரும். அதிகம் பேர் வாங்காத நல்ல நூல், ஒப்பிடப் போதுமான தகவல் இல்லாமல் பின்தங்கிவிடும்.

இதை ஒதுக்கச் சொல்லவில்லை. பிடித்த வகையில் இன்னொன்று வேண்டும் என்றால் அது நன்றாகவே உதவும். புதிய துறைக்குள் கால் வைக்க வேண்டும் என்றால், அந்த வரிசையை விட்டு வெளியே வரத்தான் வேண்டும்.

நட்சத்திரங்களின் சராசரியைப் பார்த்து முடிவெடுப்பதும் இதே மாதிரிதான். நான் முதலில் படிப்பது மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்களின் மதிப்புரைகளை. பிடித்ததையும் பிடிக்காததையும் காரணத்தோடு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறார்கள். ஒரு நட்சத்திரம் போட்டவர்களில் சிலர் அட்டை மடங்கி வந்ததற்காகப் போட்டிருப்பார்கள். அதிகம் விற்ற நூல்களின் பட்டியல் சொல்வதும் ஒன்றே ஒன்றுதான்: ஒரு குறுகிய காலத்தில் எது வேகமாக விற்றது என்பது. முப்பது ஆண்டுகளாக நிதானமாக விற்றுக்கொண்டிருக்கும் ஒரு நூல் அந்தப் பட்டியலில் ஒரு வாரம்கூட வராமல் போகலாம்.

பின்பக்கங்களைத் திறக்காமல் மூடுவது

மிகப் பெரிய தவறு இதுதான் என்பேன்.

அபுனைவு நூலின், அதாவது கதையல்லாத நூலின், கடைசிப் பக்கங்களில் அடிக்குறிப்புகளும் துணைநூற்பட்டியலும், எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று காட்டும் சொல்லடைவும் இருக்கும். பலர் அந்த இடம் வந்ததும் புத்தகம் முடிந்தது என்று மூடிவிடுகிறார்கள். ஆனால், ஆண்டுக்கணக்கில் அந்தத் துறையில் உழைத்த ஒருவர், தான் எதையெல்லாம் படித்தேன் என்று வரிசையாக எழுதி வைத்திருக்கிறார்! இதைவிட நம்பகமான பரிந்துரை எங்கே கிடைக்கும்?

நான் செய்வது இது. ஒரே பொருளில், ஒன்றுக்கொன்று முரண்படும் இரண்டு நூல்களை எடுத்துக்கொள்வேன். இரண்டின் துணைநூற்பட்டியல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். இரண்டிலும் வரும் பெயர்கள் சில இருக்கும். கருத்தில் மோதிக்கொள்ளும் இரண்டு பேரும் தவிர்க்க முடியாத நூல் என்றால் அது அந்தத் துறையின் அடித்தளம். அதைத்தான் அடுத்ததாகத் தேடுவேன். பட்டியல் மிக நீளமாக இருந்தால், படிக்கும்போது உங்களை நிமிர்ந்து உட்கார வைத்த பத்தி எதுவோ, அதன் அடிக்குறிப்பை மட்டும் பாருங்கள். போதும்.

சொல்லடைவு வேறொரு வேலைக்கு உதவும். உங்களுக்கு ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த ஒரு விஷயத்தை அதில் தேடி, அந்தப் பக்கத்தைப் படியுங்கள். தெரிந்த விஷயத்தில் ஆசிரியர் கவனமாக இருந்தால், தெரியாத விஷயத்திலும் அவரை நம்பிப் போகலாம். நாவல்களிலும் கடைசிப் பக்கத்தை விடாதீர்கள். வரலாற்று நாவலாசிரியர்கள் பலர், எது நடந்தது, எது தங்கள் கற்பனை என்று அங்கே குறிப்பு எழுதுகிறார்கள். எந்த நூல்களைப் படித்து எழுதினோம் என்றும் சொல்கிறார்கள். ஒரு நாவலிலிருந்து மூன்று வரலாற்று நூல்களுக்குப் போகும் கதவு அது. "நான் கதை படிப்பதில்லை, அறிவு நூல்கள் மட்டும்தான்" என்பவர்களும், "எனக்குக் கதை மட்டும் போதும்" என்பவர்களும் இந்தக் கதவைப் பூட்டி வைத்திருக்கிறார்கள்.

முன்பக்கத்தில் பதிப்புரிமைப் பக்கத்தையும் பாருங்கள். அறிவியல், மருத்துவம், சட்டம் என்றால் கட்டாயம் பார்க்க வேண்டும். மனித உயிரணுவில் 48 குரோமோசோம்கள் என்றுதான் பல பத்தாண்டுகள் பாடநூல்கள் சொல்லின. அது 46 என்று கண்டறிந்து வெளியிட்டது 1956-இல். கண்டத்தட்டுகள் நகர்கின்றன என்ற கோட்பாடு பரவலாக ஏற்கப்பட்டது 1960-களில். அதற்கு முந்தைய புவியியல் நூல் எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தாலும், மலைகள் எப்படி உருவாயின என்பதற்கு அதை நம்ப முடியாது. மறுஅச்சு ஆண்டைப் பார்த்து ஏமாறவும் கூடாது. புது அட்டையோடு சென்ற ஆண்டு அச்சான நூலின் உள்ளடக்கம் எழுபது வருடம் பழையதாக இருக்கலாம். "திருத்திய பதிப்பு" என்று போட்டிருக்கிறதா, முதற்பதிப்பு எந்த ஆண்டு என்பதைப் பாருங்கள். கவிதைக்கும் கதைக்கும் தத்துவத்துக்கும் இந்தக் கணக்கு கிடையாது.

இன்னும் சில

புதிய துறைக்குள் அதன் மிகக் கனமான நூல் வழியாக நுழைய முயல வேண்டாம். பதினைந்து வயதினருக்காக எழுதப்பட்ட நூலில் தொடங்குவதில் எந்தக் குறைச்சலும் இல்லை. அங்கே கலைச்சொற்கள் விளக்கப்பட்டிருக்கும், படங்கள் இருக்கும், ஒரு வாரத்தில் முடித்துவிடலாம். அப்புறம் பெரிய நூலை எடுத்தால் அது பாதி திறந்தே இருக்கும்.

மொழிபெயர்ப்பு நூல் ஒட்டவில்லை என்றால் மூல ஆசிரியரைக் கைவிடுவதற்கு முன், அதே நூலுக்கு வேறு மொழிபெயர்ப்பு இருக்கிறதா என்று பாருங்கள். நன்றாக அமைந்தால் மொழிபெயர்ப்பாளரின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர் மொழிபெயர்த்த மற்ற நூல்கள், நீங்கள் கேள்விப்பட்டே இராத எழுத்தாளர்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

பேச்சில் காதில் விழும் தலைப்புகளை உடனே எழுதி வையுங்கள். தலைப்பை மட்டும் எழுதினால் ஆறு மாதம் கழித்து எதற்காக எழுதினோம் என்று நினைவிருக்காது. யார் சொன்னார், என்ன சொல்லிச் சொன்னார் என்று பக்கத்தில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். தேடிய நூல் நூலகத்தில் இல்லை என்றாலும் வெறுங்கையோடு திரும்ப வேண்டாம். பல நூலகங்கள் வேறு நூலகத்திலிருந்து இரவல் வாங்கித் தருகின்றன, வாங்கி வைக்கச் சொல்லிக் கோரிக்கை எழுதவும் இடம் தருகின்றன. அந்தப் படிவத்தைக் கேட்டு வாங்கி, குறிப்பேட்டைப் பார்த்துத் தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் எழுதிக் கொடுங்கள்.