முப்பது பேரை அனுப்புவதற்கு முன்னால்: சேவை வழிக் கற்றலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"எங்க பசங்க முப்பது பேர் அடுத்த வாரம் வர்றாங்க, ஏதாவது வேலை கொடுங்க." கல்லூரிகளிலிருந்து தொண்டு நிறுவனங்களுக்கு இப்படித்தான் போன் வருகிறது. மாணவர்கள் சமூகத்துக்குச் சேவை செய்துகொண்டே அதிலிருந்து பாடமும் கற்பதுதான் சேவை வழிக் கற்றல்; அதன் பெரிய தவறு இந்த இடத்திலேயே நடந்துவிடுகிறது. சிறிய நிறுவனத்தில் மூன்று நான்கு ஊழியர்கள் இருந்தாலே அதிகம். அவர்களில் ஒருவர் தன் வேலையைப் போட்டுவிட்டு, முப்பது பேருக்கு வேலை தேட வேண்டும். கடைசியில், போன வருடம் பெயின்ட் அடித்த சுவருக்கே மறுபடி பெயின்ட் அடிப்பார்கள்.

இந்தக் கல்விமுறைக்கு 1979-ல் அமெரிக்கக் கல்வியாளர் ராபர்ட் சிக்மன் மூன்று கொள்கைகளை வகுத்தார். என்ன சேவை வேண்டும் என்பது சேவை பெறுகிறவர்கள் கையில் இருக்க வேண்டும் என்பது அதில் முதலாவது. ஆகவே, பருவம் தொடங்கும் முன்பே ஆசிரியர் நேரில் போய், "எந்த வேலைக்கு உங்களுக்கு ஆள் பத்தவில்லை?" என்று கேட்க வேண்டும். "ஆறு பேர் போதும், ஆனால் வாரா வாரம் வரவேண்டும்" என்றால் ஆறு பேரைத்தான் அனுப்ப வேண்டும். எந்த நாள், யாரிடம் சந்தேகம் கேட்பது, தேர்வு வாரத்தில் யார் போவது என்பதையெல்லாம் அப்போதே எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

தேர்வு வாரம் என்றதும் மாலை வகுப்புக் குழந்தைகள் நினைவுக்கு வருகிறார்கள். எட்டு வாரம் வந்து கணக்குச் சொல்லிக்கொடுத்த அக்கா ஒன்பதாவது வாரம் வரவில்லை. ஒரு பிள்ளை நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும். பருவம் முடிந்தது என்பது கல்லூரிக்குத் தெரியும், அந்தப் பிள்ளைக்கு யார் சொன்னார்கள்? கடைசி நாள் எது என்பதை முதல் வாரத்திலேயே குழந்தைகளிடம் சொல்லிவிட வேண்டும்.

சேவை செய்பவரும் கற்பவரே என்பது சிக்மனின் மூன்றாவது கொள்கை. நடைமுறையில் அது எத்தனை மணி நேரம் வேலை செய்தார்கள் என்ற கணக்காகச் சுருங்கிவிடுகிறது. கையெழுத்து வாங்கி, "மிகவும் பயனுள்ள அனுபவம்" என்று ஒரு பக்கம் எழுதினால் முடிந்தது. இதில் யார் என்ன கற்றார்கள்? இலவச மருத்துவ முகாமின் பதிவேட்டைக் கணினியில் ஏற்றும் மாணவிக்கு அது வெறும் தட்டச்சு வேலையாகத் தெரியலாம். "முகவரிகளைப் பார்த்தாயா? இவ்வளவு தூரத்திலிருந்து ஏன் வருகிறார்கள்?" என்று ஆசிரியர் ஒரு கேள்வி கேட்டால் போதும். பக்கத்தில் மருத்துவமனை இல்லையா, இருந்தும் போக முடியவில்லையா என்று அவள் தேட ஆரம்பிப்பாள். இந்த உரையாடலை வாரந்தோறும் நடத்த வேண்டும். பருவக் கடைசிக்குத் தள்ளிப்போட்டால் பாதி மறந்துபோயிருக்கும்.

அனுமதி கேட்காமல் குழந்தைகளையோ முதியவர்களையோ படம் எடுத்துப் போடக் கூடாது. இதற்கு விளக்கமே தேவையில்லை.

அப்புறம், நிறுவனத்திடம் கருத்துக் கேட்கும் விதம். மாணவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு "எப்படி இருந்தது?" என்றால், "நல்லா செஞ்சாங்க" என்றுதான் பதில் வரும். மதிப்பெண் போட்டு முடித்த பிறகு தனியாகப் போய், "எங்களால் உங்கள் நேரம் எவ்வளவு போனது? அடுத்த பருவமும் வரட்டுமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.