எல்.ஜி.வி. என்றால் குட்டி யானையா, பெரிய லாரியா?

வேலந்தாவளம் தாண்டிக் கொழிஞ்சாம்பாறை போகிற வழியில் ஓர் எடை மேடையில் பதினாலு வருஷமாக பில் போடுகிறேன். மண் கேரளா, பேச்சு தமிழ். மேடை ஏறும் லாரிகளில் பாதி கே.எல்., பாதி டி.என். முதலமடை மாங்காய், பொள்ளாச்சித் தேங்காய், ஜல்லி, மாட்டுத்தீவனம் எல்லாம் என் கண்ணாடி ஜன்னலைத் தாண்டித்தான் போகின்றன.

போன மாசம் அக்கா மகன் வந்தான். தோஸ்த் என்ற சின்னச் சரக்கு வண்டி ஓட்டுகிறவன். போனை நீட்டி, "மாமா, இங்கிலாந்தில் எல்.ஜி.வி. டிரைவர் வேலையாம். சின்ன வண்டிதானே, நம்ம லைசென்ஸே போதும்னு ஏஜென்ட் சொல்றாரு. முன்பணம் கட்டட்டுமா?" என்றான். அவன் மேல் தப்பில்லை. அவன் வண்டியின் ஆர்.சி.யிலேயே, அதாவது பதிவுச் சான்றிலேயே, எல்.ஜி.வி. என்றுதான் போட்டிருக்கிறது. ஆனால் அந்த மூன்று எழுத்துக்கு இங்கே ஓர் அர்த்தம், அங்கே நேர்மாறான அர்த்தம்.

முதலில் நம் ஊர்க் கணக்கு. சரக்கு வண்டி சட்டத்தில் 'கூட்ஸ் கேரேஜ்'. அதை மொத்த எடையை வைத்துப் பிரிக்கிறார்கள். மொத்த எடை என்றால் வண்டியும் சரக்கும் சேர்ந்து இவ்வளவுக்கு மேல் போகக்கூடாது என்று பதிந்த எடை, ஜி.வி.டபிள்யூ. என்பது அதுதான். 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி 7,500 கிலோ வரை லைட் கூட்ஸ் வெஹிக்கிள், அதாவது எல்.ஜி.வி. 12,000 கிலோவைத் தாண்டினால் ஹெவி, எச்.ஜி.வி. நடுவில் இருப்பது மீடியம், எம்.ஜி.வி. குட்டி யானை, தோஸ்த், 407 எல்லாம் லைட். பத்துச் சக்கர டாரஸ் ஹெவி. இதில் குழப்பமே இல்லை.

டாடா வண்டியின் பெயரிலேயே பாதி விடை இருக்கிறது, நிறைய டிரைவர்களுக்கே தெரியாது. 1613 என்றால் முதல் இரண்டு எண் டன், பின் இரண்டைப் பத்தால் பெருக்கினால் குதிரைத்திறன்: சுமார் 16 டன், 130 குதிரை. 1109 என்றால் 11 டன், ஆக மீடியம். 709 ஏழு டன், 407 நாலு டன். இது தோராயம்தான். சண்டை வந்தால் ஆர்.சி. சொல்வதுதான் செல்லும்.

இனி இங்கிலாந்து. அங்கே டிரைவர் லைசென்ஸ் விஷயத்தில் எல்.ஜி.வி. என்பதில் 'எல்' லைட் இல்லை, 'லார்ஜ்'! 3,500 கிலோ மொத்த எடையைத் தாண்டிய எதுவும் அதில் வரும். ரோட்டில் இருக்கிறவர்கள் அதையே எச்.ஜி.வி. என்றும் சொல்வார்கள். அந்தக் கணக்கில் நம் 407கூடப் பெரிய வண்டி. கார் லைசென்ஸுக்கு 3,500 கிலோதான் எல்லை. அதற்கு மேல் 7,500 வரை சி1 என்ற வகை லைசென்ஸ், அதையும் தாண்டினால் சி, பெரிய டிரெய்லர் சேர்ந்தால் சி பிளஸ் இ. பிழைப்புக்கு ஓட்டுகிறவர் டிரைவர் சி.பி.சி. என்ற தகுதியும் எடுக்க வேண்டும். அதைத் தக்கவைக்க ஐந்து வருஷத்துக்கு 35 மணி நேரப் பயிற்சி. நம் லைசென்ஸைக் கொடுத்து அந்த ஊர் லைசென்ஸாக மாற்றிக்கொள்ளவும் முடியாது, புதிதாகத் தேர்வு எழுத வேண்டும். இதில் வேடிக்கை, அதே நாட்டுப் போக்குவரத்துப் புள்ளிவிவரத்தில் எல்.ஜி.வி. என்றால் வேன் மாதிரி சின்ன வண்டி! ஆகவே எழுத்தை நம்பாதீர்கள், கிலோவைக் கேளுங்கள்.

சரி, உங்கள் வண்டிக்கு வருவோம். ஆர்.சி.யில் இரண்டு எண் பாருங்கள். ஒன்று காலி எடை, இன்னொன்று மொத்த எடை. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் ஏற்றக்கூடிய சரக்கு. மொத்தம் 16,200, காலி 5,900 என்றால் 10,300 கிலோ. ஆனால் அந்த 10,300 முழுவதும் சரக்கு என்று நினைப்பவர்தான் என் மேடையில் முழி பிதுங்கி நிற்பார். ஆர்.சி.யின் காலி எடையில் டிரைவரும் கிளீனரும் சேர்த்தி இல்லை. 300 லிட்டர் டீசலே 250 கிலோ வரும். மழையில் நனைந்த தார்ப்பாயை எந்த ஆர்.சி.யும் கணக்கில் எடுக்காது. நான் சொல்வது, முந்நூறு நானூறு கிலோ குறைத்தே ஏற்றுங்கள்.

இன்னொன்று: காலி எடை போடும்போது டிரைவர் கேபினில் இருந்தால், லோடு எடையின்போதும் இருக்கட்டும். ஒருமுறை உட்கார்ந்து மறுமுறை டீக்கடைக்குப் போனால் சரக்கில் எழுபது எண்பது கிலோ காணாமல் போகும். அப்புறம் வியாபாரி என்னிடம் வந்து சத்தம் போடுவார்.

2018இல் மத்திய அரசு அச்சு எடையை, அதாவது ஓர் அச்சு தாங்கலாம் என்று அனுமதித்த எடையை, கூட்டியது. நாலு டயர் உள்ள ஒற்றை அச்சுக்கு 10.2 டன் 11.5 ஆனது, இரண்டு அச்சு லாரியின் மொத்த எடை 16.2இலிருந்து 18.5 டன் ஆனது. அதைக் கேட்டுவிட்டுப் பழைய வண்டியிலும் இரண்டு டன் கூட ஏற்றிக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆர்.சி.யில் பதிந்தது மாறாத வரை பழைய எண்தான் உங்கள் எல்லை. மீறினால் 2019 திருத்தப்படி அபராதம் 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. அதிகச் சரக்கை இறக்கும் கூலியும் உங்கள் தலையில்.

லைசென்ஸ் பக்கம் ஒரு நல்ல செய்தி உண்டு. எல்.எம்.வி., அதாவது லைட் மோட்டார் வண்டி லைசென்ஸ் வைத்திருப்பவர் 7,500 கிலோவுக்குள் அடங்கும் சரக்கு வண்டியைத் தனி அனுமதி இல்லாமல் ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. விபத்துக்குப் பின் இன்ஷூரன்ஸ்காரர் இதை வைத்துக் கைவிரிக்கிற தொல்லை இனி குறையும். ஆனால் 1109ஐத் தொட்டால் இந்தத் தீர்ப்பு உதவாது.

மருமகனிடம் இதையெல்லாம் பில் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினேன். பணம் கட்டாதே, முதலில் ஏஜென்டிடம் ஒரே ஒரு கேள்வி கேள் என்றேன்: 'நான் ஓட்டப்போகிற வண்டியின் மொத்த எடை எத்தனை கிலோ?' என் எதிரிலேயே அனுப்பினான். மூணு வாரம் ஆகிறது, நீல டிக் மட்டும் விழுந்திருக்கிறது.