காற்றுக்குக் கூலி கட்டாதீர்கள்

வெளிநாட்டில் மட்டுமே கிடைக்கும் கணினி விசைப்பலகை, பழைய சர்வர் உதிரிப்பாகம் போன்றவற்றைச் சரக்கு முகவர் வழியாக மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறப் பட்டணங்களுக்கு வரவழைக்கும்போது, பொருள் முகவரின் கிடங்கை அடைந்தவுடன், விற்பவர் போட்ட பெரிய அட்டைப்பெட்டியை நீக்கிவிட்டுச் சிறிய பெட்டியில் மறுபடி கட்டச் சொல்லுங்கள். விமானக் கூரியரில் பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5000ஆல் வகுத்து வரும் எடையை உண்மை எடையோடு ஒப்பிட்டு, எது கூடுதலோ அதற்கே கட்டணம் போடுகிறார்கள். 50, 30, 20 அளவுள்ள பெட்டியில் வரும் 2 கிலோ விசைப்பலகைக்கு நாம் கட்டுவது 6 கிலோவுக்கான பணம். அதையே 45, 18, 10 அளவுக்குச் சுருக்கினால் கணக்கு அந்த 2 கிலோவுக்கே இறங்கிவிடும். மறுகட்டுக் கூலி எவ்வளவு என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், சில இடங்களில் மிச்சம் பிடித்ததை அதுவே தின்றுவிடும்.

மதர்போர்டு, கிராபிக்ஸ் கார்டு, ஹார்ட் டிஸ்க் ஆகியவற்றுக்கு இந்த யோசனை ஆகாது, ஏனெனில் பெட்டிக்குள் இருக்கும் நுரைமெத்தைதான் அவற்றுக்குக் காப்பு. பல பார்சல்களை ஒன்றாகக் கட்டச் சொல்பவர்கள், மொத்த விலை 500 ரிங்கிட்டைத் தாண்டினால் சரக்கு வழக்கமான இறக்குமதி வரிக் கணக்கில் வந்துவிடும் என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.