ஒரே திராட்சை, இரண்டு சரிவுகள்: போஜொலேயை ருசித்துப் பார்ப்பது எப்படி

மண்ணின் ருசி ஒயினில் தெரியும் என்று யாராவது சொன்னால் நான் உடனே நம்பிவிட மாட்டேன். சோதித்துப் பார்க்கத் தோதான இடம் பிரான்சின் போஜொலே. லியோனுக்கு வடக்கே, சோன் ஆற்றுக்கு மேற்கே உள்ள குன்றுகள். சிவப்பு ஒயினுக்கு அங்கே கிட்டத்தட்ட முழுக்கவே கமே திராட்சைதான். ஆகவே ருசி மாறினால், காரணத்தைச் சரிவிலோ செய்தவர் கைப்பக்குவத்திலோதான் தேட வேண்டும்.

கைப்பக்குவத்தைக் கழித்துவிட, ஒரே தயாரிப்பாளரின், ஒரே ஆண்டின் இரண்டு பாட்டில்களை வாங்குங்கள்: ஒன்று ஷிரூப்ல், இன்னொன்று மொர்கோன் (இரண்டும் போஜொலேக்குள் இருக்கும் பகுதிகள்), அதிலும் லேபிளில் 'கோத் து பி' என்ற குன்றின் பெயர் போட்டது. நவம்பரில் வரும் நூவோ வேண்டாம். அறுவடை முடிந்த சில வாரங்களில் குடித்துத் தீர்ப்பதற்காகச் செய்வது அது.

இரண்டையும் கொஞ்ச நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். 13 டிகிரி வாக்கில் இருந்தால் போதும். அப்புறம் ஷிரூப்லை முதலில் ஊற்றி, வெள்ளைத் தாளின் மேல் கிளாஸைச் சாய்த்துப் பாருங்கள். விளிம்பில் நிறம் வெளிறி, தாள் தெரியும். போஜொலேயின் பத்து க்ருக்களில், அதாவது தன் சொந்தப் பெயரிலேயே ஒயின் விற்கும் சிறந்த பகுதிகளில், உயரத்தில் இருப்பது இதுதான்; 400 மீட்டரைத் தாண்டியும் கொடிகள் உண்டு. கிரானைட் உதிர்ந்து மணலான நிலம், தண்ணீர் நிற்காது. உயரத்தின் குளிர்ச்சியில் பழம் மெதுவாகப் பழுக்கும், புளிப்பு கரையாது. வாயில் பூ வாசனை, துவர்ப்பு கொஞ்சம்தான்.

கோத் து பி வேறு ஆள். இரும்புச் சத்துள்ள, சிதைந்த பழைய நீல நிறப் பாறைக் குன்று. நிறம் அடர்த்தி, செர்ரிப் பழ ருசி, ஈறைப் பிடிக்கும் துவர்ப்பு. பாதியை மூடி வைத்து மறுநாள் குடியுங்கள். பெரும்பாலும் அன்றுதான் நன்றாக இருக்கும்.

வாழைப்பழம், மிட்டாய் வாசனை வந்தால் அதைக் குன்றின் கணக்கில் எழுதாதீர்கள். கொத்தோடு தொட்டியில் போட்டு, கரியமில வாயுவில் நொதிக்க விடுவதாலும், சேர்க்கும் ஈஸ்டாலும் வருவது அது. கல்லும் கரைந்து ஒயினில் கலப்பதில்லை. கொடிக்கு எவ்வளவு தண்ணீர், எவ்வளவு சூடு என்பதைத்தான் அது தீர்மானிக்கிறது.

இன்னொரு பாட்டிலுக்குப் பணம் இருந்தால் கோத் த ப்ரூய்யி. 484 மீட்டர் ப்ரூய்யி மலையின் சரிவுகளில் விளைவது. மற்ற இரண்டுக்கும் நடுவில் ஊற்றுங்கள்.