கைப்பக்குவத்தைச் சொல்லிக் கொடுத்தல்: வீட்டில் முதல் சமையல் வகுப்பு நடத்துவோருக்கு

முப்பது ஆண்டுகளாக வீட்டில் சமைத்து வருபவருக்குக்கூட, வத்தக்குழம்பு வைப்பது எப்படி என்று ஆறு பேர் முன்னால் நின்று சொல்ல வேண்டிய நாளில் வார்த்தை வராமல் போய்விடும். கை தானாகப் புளியைக் கிள்ளும், உப்பை அள்ளும். அடுப்பைத் தணிக்க வேண்டிய நேரத்தை மூக்கு சொல்லிவிடும். இதுவரை யாரும் விளக்கம் கேட்காததால், இவற்றில் எதற்கும் நம் வாயில் சொல் இருக்காது. முதல் வகுப்புக்கான தயாரிப்பில் பெரும்பகுதி அந்தச் சொற்களைத் தேடி எடுப்பதற்கே செலவாகும் என்பதை, திருச்சியில் எங்கள் வீட்டுச் சமையலறையில் வகுப்பு தொடங்கியபோது நான் அறிந்துகொண்டேன். இங்கே எழுதுவது, புதிதாகத் தொடங்கும் ஒருவர் அந்தத் தயாரிப்பை எங்கிருந்து ஆரம்பிக்கலாம் என்பதைப் பற்றி.

முதல் நாளுக்கு மூன்று பண்டங்களுக்கு மேல் வேண்டாம். நான் எடுத்துக்கொண்டவை சுண்டைக்காய் வத்தக்குழம்பு, புடலங்காய்க் கூட்டு, சுட்ட அப்பளம். குழம்பு தாளிப்பையும் புளியையும் கற்றுத்தரும், கூட்டு பருப்பையும் தேங்காய் அரைப்பையும் கற்றுத்தரும், அப்பளம் நெருப்பின் அருகே கையைக் கொண்டு செல்லும் துணிவைத் தரும். விருந்தினர் பாராட்டிய பண்டத்தைக் கற்றுத்தரும் ஆசை எல்லோருக்கும் வரும். ஆனால் நீங்கள் வாரம் இருமுறை வைக்கும் பண்டத்தையே தேர்ந்தெடுங்கள், ஏனெனில் அதில்தான் எந்தக் கேள்விக்கும் உங்களிடம் பதில் இருக்கும்.

அளவைப் பிடித்தல்

வகுப்புக்கு இரண்டு வாரம் முன்பே ஓர் ஒத்திகை பாருங்கள். நீங்கள் வழக்கம்போலச் சமையுங்கள். பக்கத்தில் ஒருவர் தராசும் தாளுமாக நிற்கட்டும். உறவினரை நிறுத்த வேண்டாம் என்பேன், அவர்களுக்குப் பாதி தெரிந்திருக்கும், கேட்க மாட்டார்கள். என் ஒத்திகைக்கு வந்தது பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவி. நான் எதை எடுத்தாலும் "இருங்க அத்தை" என்று கையை நிறுத்தி, அதைத் தராசில் கொட்டி எழுதிக்கொண்டாள். "எலுமிச்சம்பழ அளவு புளி" என்று என் வாழ்நாள் முழுதும் நான் சொல்லி வந்தது 30 கிராம் என்று அன்றுதான் தெரிந்தது. அதே உருண்டையை மீண்டும் உருட்டச் சொன்னாள். 42 கிராம் வந்தது. ஒரே கை, ஒரே அடுக்களை, பத்து நிமிட இடைவெளி. இத்தனை ஆண்டுகளாக இந்த வேறுபாட்டை என் நாக்கு ருசிபார்த்துச் சரிசெய்து வந்திருக்கிறது; புதிதாகக் கற்பவருக்கு அந்த நாக்கு இன்னும் வாய்க்கவில்லை என்பதால் அவருக்கு எண் வேண்டும்.

எண்ணை எழுதும்போது பாத்திரத்தையும் எழுத வேண்டும். தேக்கரண்டி என்றால் 5 மி.லி., மேசைக்கரண்டி என்றால் 15 மி.லி. என்று தாளின் தலைப்பிலேயே குறித்துவிடுங்கள். என் மாமியாரின் குறிப்புகள் எல்லாம் ஆழாக்கில் இருந்தன. ஓர் ஆழாக்கு ஏறத்தாழ 168 மி.லி., கடையில் விற்கும் அளவுக் கோப்பையோ 240 மி.லி. அளவுக்கு இருக்கும். இரண்டையும் "ஒரு கப்" என்று எழுதினால் குழம்பு தண்ணீராகிவிடும். உப்பிலும் இதே சிக்கல் உண்டு. கல்லுப்பின் பரல்களுக்கு நடுவே காற்று நிற்பதால், ஒரு கரண்டி கல்லுப்பு ஒரு கரண்டி தூள் உப்பைவிட எடை குறைவாகவே இருக்கும். எந்த உப்பு என்று சொல்லாமல் அளவு சொல்வது பயன்படாது. சுண்டைக்காய் வற்றல் உப்பும் மோரும் சேர்த்து ஊறவைத்துக் காயவைத்தது என்பதால் குழம்புக்கு உப்பைக் குறைத்தே போட வேண்டும் என்பதும் நமக்குச் சொல்லாமலே தெரிந்த செய்தி, அவர்களுக்குத் தெரியாத செய்தி.

என் தாளில் நான்கு பேருக்கான வத்தக்குழம்பு இப்படி நிற்கிறது: புளி 30 கிராம், தண்ணீர் 600 மி.லி., நல்லெண்ணெய் 4 மேசைக்கரண்டி, வற்றல் 2 மேசைக்கரண்டி, சாம்பார்ப் பொடி 2 மேசைக்கரண்டி, கடுகு 1 தேக்கரண்டி, துவரம்பருப்பு 1 தேக்கரண்டி, வெந்தயம் அரைத் தேக்கரண்டி, காய்ந்த மிளகாய் 2, கறிவேப்பிலை ஓர் ஈர்க்கு, கால் தேக்கரண்டி பெருங்காயத்தூள், முதலில் 1 தேக்கரண்டி கல்லுப்பு, மீதி ருசி பார்த்து.

அடையாளத்தைக் காட்டுதல்

எண் பாதி வழிதான் கொண்டுபோகும். "பச்சை வாசனை போகும் வரை கொதிக்கவிடவும்" என்று எல்லாச் சமையல் குறிப்பிலும் இருக்கிறது. பச்சை வாசனை என்றால் என்ன என்று ஒரு மாணவர் கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை, ஏனெனில் அதைச் சொல்லால் சொல்ல முடியாது, முகரத்தான் முடியும். அதற்கு நான் கண்ட வழி, வகுப்பு நாள் காலையிலேயே ஒரு குழம்பு கூட்டி, 5 நிமிடம் கொதித்ததும் ஒரு கிண்ணமும், 20 நிமிடம் கொதித்ததும் ஒரு கிண்ணமும் எடுத்து வைத்துவிடுவது. வகுப்பில் இரண்டையும் சற்றே சூடாக்கி, கண்ணை மூடிக்கொண்டு முகரச் சொல்வேன். முதல் கிண்ணத்தில் புளியின் துவர்ப்பும் மல்லியின் பச்சை நெடியும் தனித்தனியே மூக்கில் ஏறும்; இரண்டாவதில் அவை ஒன்றாகி, எண்ணெய் ஓரத்தில் பிரிந்து நிற்கும். அரை நிமிடத்தில் முடியும் இந்தச் செயல், ஒரு பக்கம் எழுதிக் கொடுப்பதைவிட மேல்.

கெட்டதையும் வேண்டுமென்றே செய்து காட்டுங்கள். சின்ன வாணலியில் வெந்தயத்தைப் பொன்னிறத்தில் ஒரு பங்கும், கருகும் வரை ஒரு பங்கும் வறுத்து, இரண்டையும் கடித்துப் பார்க்கச் சொன்னால், குழம்பு ஏன் கசக்கிறது என்ற கேள்வி அதற்குப் பிறகு வராது. எண்ணெய் காயும் முன் கடுகைப் போட்டால் அது வெடிக்காமல் கிடந்து வாயில் நெருடும் என்பதையும் அப்படியே காட்டலாம். கடுகின் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகித் தோலைப் பிளப்பதால்தான் அது வெடிக்கிறது. அதற்குப் போதிய சூடு வந்துவிட்டதா என்று அறிய, முதலில் ஒரே ஒரு கடுகைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இப்படிக் காரணத்தோடு சொன்னது நினைவில் நிற்கிறது.

பாசிப்பருப்பைக் குக்கரில் வைக்காமல் திறந்த பாத்திரத்திலேயே வேகவிடுங்கள். மூடிய குக்கருக்குள் நடப்பதைக் கற்பவரால் பார்க்க முடியாது. விசில் கணக்கோ குக்கரின் அளவுக்கும் தீயின் அளவுக்கும் ஏற்ப மாறும். திறந்த பாத்திரத்தில் ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை ஒரு பருப்பை எடுத்து விரலிடுக்கில் நசுக்கிப் பார்க்கச் சொன்னால், நடுவில் வெள்ளைப் புள்ளி தெரிவது எப்போது, அது மறைவது எப்போது என்று தாங்களே கண்டுகொள்வார்கள்.

கரண்டியை அவர்களிடமே விடுதல்

இரட்டை அடுப்பு இருக்கும் வீட்டில் ஆறு பேர் போதும், அதற்கு மேல் அழைத்தால் பின்வரிசையில் நிற்பவர் வேடிக்கை பார்த்துவிட்டுப் போவார். இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஒரு குழு நறுக்கும்போது ஒரு குழு அரைக்கவும், மற்றொரு குழு அடுப்பில் நிற்கவும், பிறகு இடம் மாறவும் செய்யலாம். தாளிப்பை மட்டும் ஆறு பேரும் தனித்தனியே செய்ய வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்; ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் சின்னத் தாளிப்புக் கரண்டியில் செய்தால் ஒருவருக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகாது.

வகுப்பு நடத்துபவருக்கு உள்ள பெரிய சோதனை, அவர்கள் தடுமாறும்போது கரண்டியை வாங்கிவிடுவது. என் முதல் வகுப்புக்கு, மனைவியை இழந்தபின் தனியே வசிக்கும் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் வந்திருந்தார். எண்ணெய்க்கு அஞ்சி, கையை முழுதும் நீட்டி, ஒரு முழம் உயரத்திலிருந்து கடுகை எறிந்தார். எண்ணெய் தெறித்தது, பயம் இன்னும் கூடியது. "கொடுங்க சார், நான் போடறேன்" என்று என் வாயில் வந்துவிட்டது. சொல்லாமல் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, "கையைக் கிட்டக் கொண்டு போங்க சார், வாணலி ஓரத்துல சரிய விடுங்க" என்று மட்டும் சொன்னேன். இரண்டாம் முறை விரல்கள் வாணலியின் விளிம்புக்கு இரண்டு அங்குலம் வரை வந்தன, கடுகு ஓசையின்றி எண்ணெயில் இறங்கியது, ஒரு சொட்டும் தெறிக்கவில்லை. நான் கரண்டியை வாங்கியிருந்தால் அவர் வீட்டில் அன்று தாளிப்பு நடந்திருக்காது. கறிவேப்பிலையில் ஈரம் இருந்தாலும் இப்படித் தெறிக்கும் என்பதால், துணியில் ஒற்றியே கொடுங்கள்.

பேசும் வரிசையும் முக்கியம். பழக்கத்தில் நாம் முதலில் செய்துவிட்டு, "இப்ப வெந்தயம் போட்டாச்சு" என்று பிறகு சொல்வோம். அதற்குள் பார்ப்பவர் அந்த நொடியைத் தவறவிட்டிருப்பார். செய்யப்போவதை முதலில் சொல்லி, எதைப் பார்க்க வேண்டும் என்று காட்டிவிட்டு, அதன் பிறகு செய்யுங்கள்.

நேரத்தைப் பொறுத்தவரை, தனியே சமைக்க உங்களுக்கு ஆகும் நேரத்தை இரண்டரையால் பெருக்கிக்கொள்ளுங்கள். எனக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும் இந்த மூன்று பண்டங்களும் வகுப்பில் இரண்டரை மணி நேரம் எடுத்தன. புளியை அவர்கள் கையாலேயே ஊறவைத்துக் கரைக்கச் சொல்லலாம். ஆனால் வெந்நீரில் 20 நிமிடம் முன்பே ஊறிய கிண்ணம் ஒன்றும் தயாராக இருக்கட்டும், இல்லாவிட்டால் எல்லோரும் புளியைப் பார்த்துக்கொண்டு நிற்க நேரும்.

பாதுகாப்பும் பணமும்

தொடங்கும் முன் ஐந்து நிமிடம் இதற்கென ஒதுக்குங்கள். நைலான் துப்பட்டாவும் தொங்கும் முந்தானையும் அடுப்பருகே வரக் கூடாது. பருத்தி மேலாடை ஆறு தைத்து வைத்திருக்கிறேன். எண்ணெயில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாமல் அடுப்பை அணைத்துத் தட்டால் மூட வேண்டும் என்பதையும், கையில் சுட்டுக்கொண்டால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் பிடிக்க வேண்டும், பனிக்கட்டியோ பற்பசையோ வைக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுங்கள். எரிவாயுக் கசிவுக்கான அவசர எண் 1906. அதை அடுப்புக்கு மேல் ஒட்டி வையுங்கள். அரிவாள்மணை எனக்குப் பிரியமானதுதான், ஆனாலும் முதல் வகுப்பில் பலகையும் கத்தியுமே கொடுக்கிறேன்.

ஒவ்வாமை உண்டா என்று பெயர் பதியும்போதே கேட்க வேண்டும். கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும் என்பது பலருக்குத் தெரியாது. கோதுமை ஒவ்வாதவர் வந்தால் அந்தப் பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படித்துவிட்டே திறவுங்கள்.

முதல் வகுப்பை இலவசமாக நடத்த வேண்டாம். நான் முதலில் எட்டுப் பேரை இலவசமாக அழைத்தேன், மூன்று பேர் வந்தார்கள். வாங்கிய காய் வீணாயிற்று. அடுத்த முறை தலைக்கு 500 ரூபாய் முன்கூட்டியே வாங்கினேன், ஆறு பேரும் நேரத்துக்கு முன்பே வந்து நின்றார்கள். பொருள்களுக்கும் எரிவாயுவுக்கும் ஒத்திகைக்கும் ஆன செலவைக் கூட்டி, உங்கள் உழைப்புக்கும் தயங்காமல் ஒரு தொகை வைத்துக் கட்டணத்தை முடிவு செய்யுங்கள். வகுப்போடு சாம்பார்ப் பொடியும் விற்க விரும்பினால், உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டம், 2006 சிறு உற்பத்தியாளருக்கும் பதிவைக் கட்டாயமாக்கியிருப்பதால், அதை முடித்துக்கொண்டே தொடங்குங்கள்.

சமைத்ததை எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவதும் வகுப்பின் பகுதியே. கேள்விகள் அப்போதுதான் வரும். பக்கத்தில் ஒரு நோட்டை வைத்து, ஒவ்வொரு கேள்வியையும் கேட்டவரின் சொற்களிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்று நாள் கழித்து ஒவ்வொருவரையும் அழைத்து, வீட்டில் செய்து பார்த்தார்களா என்று கேட்பது என் வழக்கம். முதல் வகுப்புக்கு வந்திருந்த பெண் ஒருவர், குழம்பு பத்தே நிமிடத்தில் சுண்டி அடிப்பிடித்துவிட்டது என்றார். புளி, உப்பு, தீ என ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தபோது, அவர் அகலமான இரும்பு வாணலியில் வைத்திருந்தது தெரிந்தது. நான் வைப்பது குறுகிய வாயுள்ள கற்சட்டியில். பாத்திரத்தின் வாயகலத்தை நான் தாளில் எழுதவே இல்லை. இப்போது அந்த வரி, "18 செ.மீ. வாயகலமுள்ள பாத்திரத்தில் சுமார் 20 நிமிடம், வேறு பாத்திரமானால் நிமிடத்தைப் பார்க்காமல், குழம்பு பாதியாக வற்றி எண்ணெய் ஓரத்தில் பிரியும் வரை" என்று இருக்கிறது.